பூதத்துக்கு ஒரு வாடகை வீடு!

ஒரு சின்ன டெஸ்ட், பாஸ்! ஹாஸ்டல்ல எல்லார் சிஸ்டத்துலயும் இருக்கற ஏதாவது ஒரு கேமை பென் டிரைவ்ல ஏத்துங்க. லினக்ஸ் போட்ட ஃப்ரெண்ட் ஒருத்தராவது உங்க விங்ல மாட்டுவார். அவரோட லேப்டாப்ல செருகி டபுள் க்ளிக் பண்ணுங்க. என்ன நடக்கும்? ஒண்ணுமே நடக்காது! அதே இன்டெல் பிராசஸர், அதே ரேம், அதே கீபோர்டு. ஆனா, கேம் மட்டும் கல்யாண வீட்ல கண்டுக்காத சொந்தக்காரர் மாதிரி கம்முனு உட்கார்ந்திருக்கும்.

காரணம் ரொம்ப சிம்பிள். எந்த கேமும் தானா ஒரு புள்ளியைக்கூட ஸ்க்ரீன்ல வைக்கறது இல்ல. 'அண்ணே, ஒரு ஜன்னல் திறந்து விடுங்க', 'அண்ணே, இந்தச் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புங்க', 'அண்ணே, இப்போ மணி என்ன?'ன்னு ஒவ்வொரு வேலைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துகிட்டதான் கெஞ்சணும். விண்டோஸ் அண்ணன்கிட்ட கேக்கற பாஷை வேற, லினக்ஸ் அண்ணன்கிட்ட கேக்கற பாஷை வேற. பாஷை தெரியாத ஊர்ல வழி கேட்டா என்ன ஆகும்? அதேதான் இங்கயும்!

போன செமஸ்டர் லீவு முழுக்க இந்தப் பாஷைப் பிரச்னையோடதான் குடித்தனம் நடத்தினேன். என்கிட்ட இருக்கறது, அக்கா ப்ளஸ் டூ படிச்சப்போ தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2 ஜி.பி. ரேம். விண்டோஸ் ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாம். அப்பவும் ஸ்டார்ட் மெனு வந்திருக்காது. அதனால லினக்ஸுக்கு மாறினேன். புது லேப்டாப் கேக்கற நிலைமை வீட்ல இல்ல. அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட். எனக்கோ கேம் எழுதற வேலைக்குப் போகணும்னு ஆசை. அப்பா கோபப்படலை, திட்டலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதெல்லாம் சோறு போடுமாப்பா?"

பதில் தெரியலை. சரி, ஒரு முழு கேமோட வயித்தைக் கிழிச்சு, அதை இந்த லேப்டாப்ல ஓட வெச்சுப் பார்ப்போம்; அது முடிஞ்சா மேற்கொண்டு பேசலாம்னு உட்கார்ந்தேன். எடுத்துக்கிட்ட கேம், 'டூம்'!

ரீமேக்கா... டப்பிங்கா?

ஒரு கேமை இன்னொரு சிஸ்டத்துக்குக் கொண்டு போக பெரிய வழி ரெண்டு இருக்கு. கோலிவுட் பாஷையிலயே சொல்லிடறேன்.

ஒண்ணு, ரீமேக். 1993-ல மலையாளத்துல வந்த 'மணிச்சித்திரத்தாழ்' கதை 2004-ல கன்னடத்துக்கும், 2005-ல 'சந்திரமுகி'யா தமிழுக்கும் வந்துச்சே, அந்த டைப். கதை அதேதான். ஆனா ஊர், பேச்சு, காமெடி எல்லாம் உள்ளூருக்கு ஏத்த மாதிரி மாறும். கேம் உலகத்துல இதுக்குப் பேர் 'போர்ட்' பண்றது. சோர்ஸ் கோடு கையில இருக்கணும். சிஸ்டத்தோட பேசற பகுதிகளை மட்டும் புதுசா எழுதி, திரும்ப கம்பைல் பண்ணணும்.

இன்னொண்ணு, டப்பிங். படத்தைத் தொடவே மாட்டோம். நடிகர் வாயசைக்கறப்போ நம்ம குரல் ஓடும். லினக்ஸ்ல 'வைன்'னு ஒரு சாஃப்ட்வேர் இதைத்தான் பண்ணுது. விண்டோஸ் புரோகிராம் 'ஜன்னல் திற'ன்னு விண்டோஸ் பாஷையில கேட்டா, அதை அந்த நிமிஷமே லினக்ஸ் பாஷையில சொல்லிக் காரியத்தை முடிச்சுக் கொடுக்கும். 1993-ல ஆரம்பிச்ச புராஜெக்ட் இது. 1.0 வெர்ஷன் எப்போ வந்துச்சு தெரியுமா? 2008-ல! நாலு வருஷத்துல டிகிரி முடிக்கவே நாம திணறுறோம். இவங்க 15 வருஷம் பொறுமையா உட்கார்ந்திருக்காங்க.

நான் செலக்ட் பண்ணது ரீமேக். டப்பிங்ல கேம் ஓடும். ஆனா அது எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியாமயே போயிடுமே!

ஒரிஜினலே ஒரு ரீமேக்தான்!

டூம் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி இன்ட்ரோ. செவ்வாய் கிரகத்தோட நிலாவுல இருக்கற ஒரு ராணுவ ஆராய்ச்சி நிலையம். நரகத்தோட வாசல் அங்கே திறந்துக்குது. பூதங்கள் கூட்டமா கிளம்பி வருது. நீங்க தனி ஆள், கையில துப்பாக்கி. அவ்வளவுதான் கதை! அமெரிக்காவோட 'இட் சாஃப்ட்வேர்' 1993 டிசம்பர் 10-ம் தேதி இதை வெளியிட்டது. முதல் காப்பியை ஏத்துனதே ஒரு பல்கலைக்கழகத்தோட சர்வர்லதான். விஸ்கான்சின் பல்கலையில! டவுன்லோடு பண்ணக் காத்திருந்த கூட்டம் தாங்காம சர்வர் திணறிப்போச்சு. கல்லூரி மாணவர்கள் எந்த நாட்டுலயும் ஒரே மாதிரிதான் போல.

வெளியானது 'டாஸ்'ங்கற பழைய சிஸ்டத்துக்கு. அதனால டாஸ் வெர்ஷன்தான் ஒரிஜினல்னு எல்லாரும் நினைக்கிறோம். அங்கதான் ட்விஸ்ட்! ஜான் கார்மாக்கும் ஜான் ரோமெரோவும் அந்த கேமை உருவாக்கினது 'நெக்ஸ்ட்' கம்ப்யூட்டர்கள்ல. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியே போய் ஆரம்பிச்ச கம்பெனியோட மெஷின் அது. அங்கே எழுதி, அங்கே ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் டாஸுக்குக் கொண்டு வந்தாங்க. ஆக, உலகம் பார்த்த முதல் டூமே ஒரு ரீமேக்தான்!

இதனால ஒரு நல்லது நடந்துச்சு. பிறக்கும்போதே ரெண்டு வீட்டுக்கு எழுதின கோடுங்கறதால, 'சிஸ்டத்தோட பேசற பகுதி' தனி, 'கேம் விதிகள்' தனின்னு ஆரம்பத்துலயே பிரிச்சு வெச்சிருந்தாங்க. 1994-லயே டேவ் டெய்லர் அதை லினக்ஸுக்குக் கொண்டு வந்துட்டார். 1997 டிசம்பர் 23-ம் தேதி கார்மாக் சோர்ஸ் கோடை உலகத்துக்குத் திறந்து விட்டப்போ, வெளியே வந்தது அந்த லினக்ஸ் வெர்ஷன்தான். டாஸ் வெர்ஷன்ல வேற ஒருத்தரோட காப்பிரைட் உள்ள சவுண்ட் லைப்ரரி இருந்ததால அதைக் கொடுக்க முடியலை. மைக்ரோசாஃப்ட் பண்ண விண்டோஸ் வெர்ஷன் என்ன ஆச்சுன்னே தனக்குத் தெரியலைன்னு அவரே அந்த ஃபைல்களோட எழுதி வெச்சிருக்கார். முதல்ல 'லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது'ன்னு கண்டிஷன். 1999-ல அதையும் எடுத்துட்டு, ஜி.பி.எல். லைசென்ஸுக்கு மாத்தினாங்க.

அந்தக் கோடு வெளியானப்போ நான் பிறக்கவே இல்ல.

பெட்டியைத் திறந்தா...

சோர்ஸ் கோடைத் திறந்ததும் முதல் ஆச்சர்யம், ஃபைல் பேர்கள். 'ஆர்'ல ஆரம்பிச்சா படம் வரையறது. 'பி'ன்னா பூதம் எப்படி நடக்கணும், குண்டு எங்கே படணும்ங்கற விளையாட்டு விதிகள். 'ஐ'ன்னா ஆபரேட்டிங் சிஸ்டத்தோட பேசறது. மொத்த கேமுக்கும் 'ஐ' கோடு ஃபைல்கள் அஞ்சே அஞ்சு: மெயின், வீடியோ, சவுண்ட், சிஸ்டம், நெட்வொர்க். வீடு மாறும்போது கேஸ் கனெக்‌ஷன், கரன்ட் பில், ரேஷன் கார்டு முகவரியை மட்டும் மாத்திட்டு, பாத்திரம் பண்டத்தை அப்படியே தூக்கிட்டுப் போற மாதிரி!

'லினக்ஸ் கோடுதானே, லினக்ஸ்ல ஓடாதா?'ன்னு நீங்க கேக்கலாம். நானும் அதே தைரியத்துலதான் கம்பைல் பண்ணேன். வந்த எரர் லிஸ்ட்டை ஸ்க்ரோல் பண்ணவே விரல் வலிச்சுது. 1997 லினக்ஸும் இன்னிக்கு இருக்கற லினக்ஸும் ஒரே பேர் கொண்ட வேற வேற ஊர், பாஸ்!

முதல் எரர் காமெடி. 'எர்நோஸ்'னு ஒரு ஃபைலைக் கேட்டுது. அப்படி ஒண்ணு இப்போ கிடையாது, 'எர்நோ'தான் இருக்கு. ஒரு 'ஸ்'ஸை அழிச்சதும் சரியாச்சு.

அடுத்தது அவ்வளவு ஈஸி இல்ல. கம்பைல் ஆகுது, ஓடுது, லோடு ஆகற நேரத்துல பொத்துனு விழுது. மூணு நாள் டீபக்கரோட உட்கார்ந்தேன். சுவர்ல ஒட்டற படங்களோட பட்டியலுக்கு மெமரி ஒதுக்கற இடத்துல, 'படங்களோட எண்ணிக்கை பெருக்கல் 4'ன்னு எழுதியிருந்தது. அந்தக் காலத்து 32 பிட் மெஷின்ல ஒரு பாயின்ட்டர் 4 பைட். என் 64 பிட் லினக்ஸ்ல அது 8 பைட். அம்பது பேர் ஏற வேண்டிய பஸ்ஸுல இருபத்தஞ்சு பேருக்குத்தான் இடம்! மிச்ச இருபத்தஞ்சு பேரும் பக்கத்து பஸ்ஸுல ஏறி, அங்கே இருக்கறவங்க மடியில உட்கார்றாங்க. விழாம என்ன செய்யும்? '4'-ஐ எடுத்துட்டு, 'பாயின்ட்டரோட அளவு எவ்வளவோ அவ்வளவு'ன்னு எழுதினதும் பஸ் கிளம்பிச்சு.

இன்னொரு இடம் இதைவிட விசேஷம். படத்தோட விவரங்களைப் படிக்கற ஸ்ட்ரக்சர்ல, 'இது இப்போ பயன்படறதில்ல'ன்னு அவங்களே குறிப்பு போட்ட ஒரு பாயின்ட்டர் இருக்கு. டேட்டா ஃபைல்ல அதுக்கு 4 பைட் இடம். என் மெஷின்ல அது 8 பைட்டா வீங்கி, பின்னாடி இருக்கற எல்லாத்தையும் தள்ளி விட்டுடுச்சு. யாருமே உபயோகிக்காத ஒரு வரி, மொத்த கேமையும் கவுக்குது! கிளாஸ்ல 'ஸ்ட்ரக்சர், பாயின்ட்டர் சைஸ்' எல்லாம் ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணிருப்போம். அது உயிரோட நடமாடறதை நான் பார்த்தது இங்கதான்.

அப்புறம் வந்தது ஸ்க்ரீன். டூம் வரையறது அகலத்துல 320, உயரத்துல 200 புள்ளிகள். மொத்தம் 64,000. ஒவ்வொரு புள்ளியும் 0-லேர்ந்து 255 வரைக்கும் ஒரு நம்பர். எந்த நம்பருக்கு எந்த நிறம்னு தனியா ஒரு பட்டியல் இருக்கும். பூதம் அடிச்சா ஸ்க்ரீன் சிவக்குமே, அது எப்படின்னு நினைச்சீங்க? புள்ளிகளைத் தொடவே மாட்டாங்க. நிறப் பட்டியலை மட்டும் சிவப்புப் பட்டியலா மாத்திடுவாங்க! கேமுக்குள்ள இந்த மாதிரி 14 பட்டியல் இருக்கு. அந்தக் காலத்து மெதுவான கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மலிவான மேஜிக் பாருங்க!

ஆனா, பழைய லினக்ஸ் கோடு '256 நிற ஸ்க்ரீன் மட்டும்தான் வேணும்'னு அடம்பிடிக்கும். இன்னிக்கு எந்த மானிட்டர்ல அப்படி ஓட்டறோம்? அதனால வீடியோ ஃபைலை மொத்தமா தூக்கிட்டு, 'எஸ்.டி.எல்.'ங்கற லைப்ரரியை வெச்சு புதுசா எழுதினேன். 64,000 நம்பரையும் பட்டியல்ல பார்த்து, நிறமா மாத்தி, ஜன்னலுக்கு அனுப்பணும். டூமோட கடிகாரம் செகண்டுக்கு 35 தடவை துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படம்னா, செகண்டுக்கு 22 லட்சத்து 40 ஆயிரம் தடவை பட்டியல் பார்க்கணும். அக்காவோட லேப்டாப் அதை அசால்ட்டா பண்ணுச்சு!

படம் வந்துச்சு. ஆனா பூதங்கள் எல்லாம் யாரோ தலையில அமுக்கி விட்ட மாதிரி குள்ளமா தெரிஞ்சுது. காரணம், பழைய டியூப் மானிட்டர். 200 வரிகளை அது 1.2 மடங்கு நீட்டிக் காட்டும். ஓவியர்கள் அதைக் கணக்குப் பண்ணித்தான் வரைஞ்சிருக்காங்க. 200-ஐ 240-ஆ இழுத்ததும் பூதத்துக்குப் பழைய உயரம் வந்துச்சு.

சவுண்டும் இதே கதைதான். சத்தம் எல்லாம் செகண்டுக்கு 11,025 சாம்பிள், ஒரே நேரத்துல எட்டு சத்தம் கலக்கலாம். ஆனா, வெளியிட்ட கோடுல மியூசிக் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கூடுதான் இருக்கு. என்னோட டூம் இன்னிக்கும் பாட்டு இல்லாத படம்தான். அதுக்கு அடுத்த லீவு!

கடைசியா, ரூம்மேட்டோட விண்டோஸ் சிஸ்டம். நெட்வொர்க் ஃபைலை மட்டும் காலியா வெச்சுட்டு அதே கோடை அங்கே கம்பைல் பண்ணேன். டேட்டா ஃபைலைக் கண்டபடி படிச்சுது. விண்டோஸ்ல ஃபைல் திறக்கும்போது 'இது எழுத்து இல்ல, பைனரி'ன்னு சொல்லித் திறக்கணும். இல்லைன்னா சில பைட்களுக்கு அதுவா ஒரு அர்த்தம் பண்ணிக்கும். லினக்ஸுக்கு அந்த வித்தியாசமே கிடையாதுங்கறதால, கோடுல அந்தக் கொடியை பூஜ்யமாக்கி வெச்சிருந்தாங்க. அந்த ஒரு வரியை நீக்கினதும் ஓடுச்சு. ரூம்மேட் ஒரு மணி நேரம் சேரை விட்டு எழுந்திருக்கவே இல்ல!

சோறு போடுமா?

அப்பாவோட கேள்விக்கு வருவோம். ரீமேக் பண்ணிப் பிழைக்க முடியுமா?

முயற்சி பண்ணவங்க இருக்காங்க. 1998-ல அமெரிக்காவுல 'லோகி சாஃப்ட்வேர்'னு ஒரு கம்பெனி தொடங்கினாங்க. வேலையே, விண்டோஸ்ல ஹிட்டான கேம்களை லினக்ஸுக்குக் கொண்டு வந்து விக்கறதுதான். 'சிவிலைசேஷன்: கால் டு பவர்', 'க்வேக் 3 அரீனா'ன்னு பெரிய பேர்களை எல்லாம் கொண்டு வந்தாங்க. ஆனா, கேம் பைத்தியம் உள்ள லினக்ஸ்காரர்கள் பலர் விண்டோஸையும் பக்கத்துலயே வெச்சிருந்தாங்க. அங்கே எப்பவோ வந்துட்ட கேமுக்கு இங்கே யார் காத்திருந்து காசு கொடுப்பாங்க? 2002 ஜனவரியில லோகி இழுத்து மூடப்பட்டது.

'அப்பா சொன்னது சரிதான்'னு முடிவுக்கு வந்துடாதீங்க. லோகியில வேலை பார்த்த சாம் லன்டிங்கா உருவாக்கினதுதான், நான் உபயோகிச்ச அதே எஸ்.டி.எல். லைப்ரரி! 'பி ஓ.எஸ்.'ங்கற சிஸ்டத்துக்கு டூமைக் கொண்டு போக அவர் அதைப் பயன்படுத்தியிருக்கார். கம்பெனி போச்சு, லைப்ரரி நின்னுச்சு. பின்னாடி அவர் 'வால்வ்' கம்பெனியில சேர்ந்தார்.

வால்வ் கதை இன்னும் சுவாரஸ்யம். அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் கேப் நியூவெல். அதுக்கு முன்னாடி அவர் மைக்ரோசாஃப்ட்ல என்ன பண்ணார் தெரியுமா? விண்டோஸ் 95-க்கு டூமைக் கொண்டு வந்த டீமுக்குத் தலைவர்! 'கேம் விளையாடணுமா, விண்டோஸுக்கு வாங்க'ன்னு உலகத்தைக் கூப்பிட்டவர். அதே மனுஷன் 2012-ல விண்டோஸ் 8-ஐப் பகிரங்கமா விமர்சனம் பண்ணார். 2013-ல அவரோட 'ஸ்டீம்' கடை லினக்ஸுக்கு வந்துச்சு. 2015-ல லினக்ஸ் போட்ட 'ஸ்டீம் மெஷின்' வந்து ஊத்திக்கிச்சு. விடலையே! 2018-ல வைனை அடிப்படையா வெச்சு 'புரோட்டான்' வந்துச்சு. விண்டோஸோட டைரக்ட்-எக்ஸ் கட்டளைகளை 'வல்கன்' பாஷைக்கு மாத்தற மொழிபெயர்ப்பாளரும் அதுக்குள்ள இருக்கார். 2022-ல அதை நம்பியே 'ஸ்டீம் டெக்'னு கையடக்க மெஷினை வித்தாங்க. ரீமேக்கால முடியாததை டப்பிங் சாதிச்சுது!

சாவி யார்கிட்ட?

ஆனா, எல்லாமே டெக்னிக்கல் பிரச்னைன்னு நினைச்சா அது பாதிதான் உண்மை. நாம ஸ்கூல் நாள்ல உயிரா விளையாடின 'வைஸ் சிட்டி'யை எடுத்துக்குங்க. சில ரசிகர்கள் அதோட எக்ஸ்இ ஃபைலை ஆராய்ஞ்சு, அதே மாதிரி ஓடற சோர்ஸ் கோடை மறுபடி எழுதினாங்க. 'ஆர்.இ.3'ங்கறது புராஜெக்ட் பேர். லினக்ஸ் உட்பட வேற சிஸ்டங்கள்லயும் கேம் ஓடுச்சு. உரிமை வெச்சிருக்கற டேக்-டூ கம்பெனி 2021 பிப்ரவரியில அதை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புச்சு; செப்டம்பர்ல வழக்கே போட்டுடுச்சு.

அவங்க சொத்து, அவங்க உரிமை. அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா, அந்தக் கேமை உயிரா நேசிச்சவங்க உழைப்பு பெட்டிக்குள்ள போனதை நினைச்சா மனசு கஷ்டப்படத்தான் செய்யுது. 'வாலரன்ட்' கதை வேற மாதிரி. ஏமாத்தறவங்களைப் பிடிக்க அது சிஸ்டத்தோட கெர்னல் வரைக்கும் இறங்கிக் காவல் காக்குது. அந்தக் காவலாளிக்கு விண்டோஸ் வீடுதான் தெரியும். லினக்ஸுக்கு வாசலே கிடையாது. ஆக, ஒரு கேம் ஊர் விட்டு ஊர் போகணும்னா, கோடு மட்டும் போதாது. சாவி வெச்சிருக்கறவங்க மனசும் திறக்கணும். கார்மாக் அன்னிக்கு சாவியைக் கொடுத்தார். அதனாலதான், இவ்வளவு வருஷம் கழிச்சு, இலவச லேப்டாப் வெச்சிருக்கற ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் அந்தக் கதவைத் திறக்க முடிஞ்சுது.

அப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன், லோகி மூடினதையும் மறைக்காம. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அந்த லைப்ரரி எழுதினவர் இப்போ நல்லாருக்காரா?"ன்னு கேட்டார். "நல்லாருக்கார்ப்பா"ன்னேன். "சரி, பிளேஸ்மென்டுக்கும் படி"ன்னார். முழு சம்மதம் இல்லைதான். ஆனா, ரெண்டாவது கேள்வி கேட்டாரே, அது போதும்!

இப்போ உங்க டர்ன். டூம் சோர்ஸ் கோடு இலவசம். முதல் எபிசோடோட ஒன்பது லெவலும் ஷேர்வேரா அன்னிக்கே இலவசமாக் கொடுத்தது. டேட்டா ஃபைல் 4 எம்.பி.தான், நீங்க ஃபோன்ல எடுக்கற ஒரு செல்ஃபி சைஸ்! சி தெரிஞ்சா போதும். 'ஐ'ல ஆரம்பிக்கற ஃபைல்களை முதல்ல படிங்க, வீடியோவுல கை வைங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். பக்கம் பக்கமா எரர் கொட்டும்; பயப்படாதீங்க. அதுல முதல் எரர் எதுன்னுதான் உங்களுக்கு இப்பவே தெரியுமே... அந்த 'ஸ்'ஸை அழிங்க பாஸ், ஆட்டம் ஆரம்பம்!